அம்மாவின் றலியும் கல்லடிச் சைக்கிள் கடையும்

கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தால் இறங்கிக் காத்தான்குடிப் பக்கம் போகும் பெரிய வீதியிலிருந்து, கடலை நோக்கிப் பிரியும் ஒழுங்கை ஒன்றின் முகப்பில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அதன் கீழே தகரம் போட்ட கொட்டில். கிளையில் பழைய டயர் ஒன்று தொங்கினால் கடை திறந்திருக்கிறது, கழற்றி உள்ளே வைத்திருந்தால் பூட்டு. இந்த நாலு மாதத்தில் அந்த டயர் தொங்குகிறதா என்று எத்தனை தரம் எட்டிப் பார்த்திருப்பேனோ தெரியாது.

நான் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். 1992இல் போனவள். இடையில் பல தரம் ஊருக்கு வந்திருக்கிறேன். எல்லாம் இரண்டு கிழமை, மிஞ்சினால் மூன்று. கலியாணம், செத்தவீடு, காணி உறுதி என்று ஏதாவது ஒரு காரியத்துக்கு வந்து, அது முடிந்ததும் பெட்டி கட்டிவிடுவேன். இந்த முறை வேலையிடத்தில் சம்பளமில்லாத லீவு கேட்டு வாங்கிக்கொண்டு வைகாசியில் வந்தேன். ஆவணி முடியத்தான் பயணம். அம்மாவுக்கு 77 வயது. அவரோடு ஆறுதலாக இருக்க வேண்டும், என்னோடு படித்தவர்களைத் தேடிப் பார்க்க வேண்டும். வேறு காரியம் ஒன்றும் இல்லை.

முதல் கிழமை, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வழக்கமாகச் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஏசி வான் ஒன்றை நாள் வாடகைக்குப் பிடித்து, மூன்று நாளில் பதினொரு வீடு போனேன். ஒவ்வொரு வீட்டிலும் சோடா, மிக்சர், வாழைப்பழம். "எப்ப வந்தீங்க? எப்ப போறீங்க?" வான்காரத் தம்பி வெளியே வெயிலில் நிற்கிறார் என்றதும் வீட்டுக்காரருக்கும் இருப்புக்கொள்ளாது. ஆரையம்பதியில் என் சின்ன மாமி பிட்டு அவிக்கவென்று தேங்காய் துருவத் தொடங்கியிருந்தார். "இல்ல மாமி, இன்னும் ரெண்டு வீடு இருக்கு" என்று நான் எழும்ப, அவர் பாதித் தேங்காயைக் கையில் பிடித்தபடி அப்படியே திருவலையில் இருந்தார். இரவு முழுக்க அந்த முகம் என்னை விடவில்லை.

அடுத்த நாள் வானை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பின்வளவுக் கொட்டிலைத் திறந்தேன். உடைந்த கதவு, உரல், சுருட்டிய பாய் எல்லாவற்றுக்கும் பின்னால் சாக்குப் போர்த்தியபடி அம்மாவின் சைக்கிள் நின்றது.

இந்தச் சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் கடையைப் பற்றிச் சொல்ல முடியாது. அம்மா 1970இல் குடும்பநல மாதுவாக வேலை தொடங்கினார். ஊரில் மிஸி என்பார்கள். அவருடைய பிரிவு வாவிக்கு அங்கால், படுவான்கரையில். 1977க்கு முன் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம், நல்ல சைக்கிள் கிடைப்பது பெரும் பாடு. இடமாற்றம் கிடைத்துப் போன ஒரு டீச்சரிடம் 1976இல் இரண்டாங்கையாக வாங்கியதுதான் இந்த றலி (Raleigh) லேடீஸ் சைக்கிள். கரியரில் குழந்தை நிறுக்கிற தராசு, ஹேண்டிலில் தொங்கும் பையில் பதிவுப் புத்தகங்கள், திரிபோஷா என்ற சத்துமா வந்த நாளில் அந்தப் பைக்கற்றுகளும். மண்முனைத் துறையில் பாதையில் ஏற்றி அக்கரை கொண்டுபோவார். வாவி கடக்கிற மிதவையைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்போம். இப்போது அங்கே பாலம் இருக்கிறது, 2014இல் திறந்தார்கள். அம்மா வேலை செய்த காலம் முழுக்கப் பாதைதான்.

1978 சூறாவளி எனக்கு ஆறு வயதில். நவம்பர் 23 இரவு. கூரை போன பிறகு நாங்கள் மேசைக்குக் கீழே இருந்தோம், சைக்கிள் வீட்டுக்குள்ளே சுவரோடு படுத்துக் கிடந்தது. விடிந்ததும் அம்மா எங்களைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு, விழுந்து கிடந்த தென்னைகளுக்கு மேலால் சைக்கிளைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டு போனார். பிள்ளைப்பேற்றுக்கு நாள் கிட்டிய இரண்டு பெண்கள் அவருடைய புத்தகத்தில் இருந்தார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று அம்மா வந்தாறுமூலையில் தங்கை வீட்டில் இருந்தார். கல்லடியில் எங்கள் வீடு கடல் பக்கம். சைக்கிள் முற்றத்தில் நின்றது. நாலாம் நாள் மாமரத்தடியில் பாதி மண்ணுக்குள் இருந்து எடுத்தார்கள். அம்மா நல்ல தண்ணீரில் கழுவி, தேங்காய் எண்ணெய் பூசி, கொட்டிலுக்குள் வைத்தார். அதற்குப் பிறகு அவர் ஓடியது நிவாரணமாகக் கிடைத்த வேறு ஒரு சைக்கிள். ஆனாலும் வருடம் ஒரு தரம் இதற்கு எண்ணெய் பூசுவதை அவர் விடவில்லை. எனக்கு அது இந்த முறை வந்துதான் தெரியும்.

சரி, கடைக்கு வருகிறேன்.

முதலில் நான் கொண்டுபோனது டவுனில் உள்ள பெரிய கடை ஒன்றுக்கு. கண்ணாடி போட்ட, புதுச் சைக்கிள்கள் வரிசையாக நிற்கிற இடம். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, "இதுக்குச் சாமான் வாறல்ல அக்கா, இரும்புக்குக் குடுத்திற்று புதுசு ஒண்டு எடுங்க" என்றார்கள். புது லேடீஸ் சைக்கிளுக்கு 40,000 ரூபாய்க்கு மேல் சொன்னார்கள். கோபம் வரவில்லை, அவர்கள் வியாபாரம் அது. ஆனால் அந்த இரண்டு நாளில் அவர்கள் ஒரு நட்டைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை என்பது சைக்கிளைத் திருப்பி எடுக்கும்போதே தெரிந்தது. நான் கட்டிவிட்ட சாக்குக் கயிறு கட்டியபடி இருந்தது.

காற்றுப் போன சில்லோடு உருட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்து வரும்போதுதான் அந்த வேப்பமரத்தடியில் என்னை மறித்தார்கள். மறித்தவர் கடைக்காரர். அறுபது வயது தாண்டிய மனிதர், சாரத்தை மடித்துக் கட்டி, காதில் பென்சில் செருகியிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, சைக்கிளைத்தான் பார்த்தார்.

"இது மிஸிட சைக்கிள்தானே?"

நான் மகள் என்றேன். "அப்ப நீ மூத்தவளா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் சைக்கிளை என் கையிலிருந்து வாங்கித் தலைகீழாக நிறுத்தினார். அவருடைய கடைசித் தம்பி அம்மாவின் கையில் பிறந்தவராம்.

அன்று அரை மணி நேரம் அவர் செய்ததெல்லாம் பார்த்ததும் தட்டியதும்தான். சில்லுக் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பார்த்தார். நல்ல கம்பி ஒரு சத்தம் தரும், துருத் தின்ற கம்பி வேறு சத்தம். எண்ணிச் சொன்னார்: முன்சில்லில் 32, பின்சில்லில் 40. இப்போது கடையில் வருகிற றிம் எல்லாம் 36 ஓட்டை. ஆகையால் றிம் மாற்ற முடியாது, பழையதையே எடுத்து நிமிர்த்த வேண்டும். பிறேக்கும் கேபிள் பிறேக் இல்லை, கம்பி பிறேக். கட்டை றிம்மின் உள்பக்கத்தில் போய்ப் பிடிக்கும், அதற்கு ஏற்ற றிம் இதுதான். "பாரம் கூட. ஆனா இரும்பு நல்ல இரும்பு" என்றார். நாலு நாளில் வரச் சொன்னார்.

எனக்கு வேறு வேலை இல்லை. ஆகவே அடுத்த நாளும் போய் வாங்கில் இருந்தேன். இப்படி இருந்து பார்க்க விடுகிற கடை இப்போது எங்கே இருக்கிறது? அவருடைய மருமகன், சகோதரியின் மகன், இருபது வயதுப் பொடியன். அவனுக்குச் சொல்லிக்கொடுத்தபடிதான் வேலை நடக்கும். பெடல் கைகளைப் பிடித்திருக்கும் கொட்டர் பின் இரண்டும் இறுகிப் போயிருந்தன. சுத்தியலால் அடித்தால் வளைந்துவிடும் என்று, மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு இரவு விட்டு, கீழே ஒரு மரக்கட்டை முண்டு கொடுத்து, ஒரே அடி. வந்துவிட்டது.

பின்பு பெடல் அச்சு இருக்கும் குழாயைத் திறந்தார். கிறீஸ் வரும் என்று பேப்பர் விரித்திருந்தான் பொடியன். கிறீஸ் வரவில்லை, மண் வந்தது. ஒரு சிரட்டை அளவு இருக்கும். சைக்கிளைச் சரிக்கச் சரிக்க மேல் குழாயிலிருந்தும் இறங்கிக்கொண்டே இருந்தது. சாம்பல் நிறமாக, காய்ந்து, மினுக்கம் உள்ள மணல். இடையில் ஊசிச் சிப்பி ஒன்று, நகத்தளவுகூட இல்லை, உடையாமல் கிடந்தது.

"சுனாமிக்க நிண்டதா?" என்றார்.

"ஓம் அண்ணன்."

பொடியன் பேப்பரைத் தூக்கி வெளியே கொட்டப் போனான். இவர் கையால் மறித்தார். பேப்பரின் நாலு மூலையையும் மடித்து, பொட்டலமாகக் கட்டி, ஸ்குரூ போடுகிற தகரப் பேணிக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. சுனாமி அள்ளிக்கொண்டு போன நாவலடிக்காரர் அவர் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சைக்கிளை எடுத்த நாளில் அந்தப் பொட்டலத்தையும் என் கையில் தந்தார்.

சில்லு நிமிர்த்துவதையும் நான் முழுதாக இருந்து பார்த்தேன். சைக்கிளைத் தலைகீழாக வைத்து, சில்லைச் சுழற்றிவிட்டு, வெண்கட்டித் துண்டு ஒன்றை அசையாமல் றிம்முக்குக் கிட்டப் பிடிப்பார். நெளிவு எந்த இடத்தில் வெளியே தள்ளுகிறதோ அந்த இடத்தில் வெண்கட்டி தொட்டுக் கோடு விழும். அந்தக் கோட்டுக்கு எதிர்ப்பக்கத்துக் கம்பியின் நிப்பிளைக் கால் சுற்று இறுக்குவார். மறுபடி சுழற்றுவார். மறுபடி கால் சுற்று. முன்சில்லு ஒன்றுக்கு மட்டும் ஒரு காலைப்பொழுது போனது. பதினொரு கம்பி மாற்ற வேண்டி வந்தது. புதுக்கம்பி நீளம் கூட என்று வெட்டி, நுனியில் கையால் மரை போட்டார். டவுனில் "சாமான் வாறல்ல" என்ற சைக்கிள் இது.

இப்போது குறைகள். நாலு நாள் என்று சொன்ன வேலை பதின்மூன்று நாள் எடுத்தது. இடையில் கண்ணகி அம்மன் கோவில் சடங்கு வந்தது, திருக்குளிர்த்தி முடியும் வரைக்கும் டயர் உள்ளேயே கிடந்தது. சடங்குக்குப் பூட்டுவது நியாயம், நானும் அந்தக் கிழமை கோவிலில்தான் நின்றேன். ஆனால் முதலே சொல்லியிருக்கலாம். போன் நம்பர் தந்தார், எடுக்கவே மாட்டார். இரண்டு கிழமை லீவில் வருகிறவர்கள் இங்கே கொடுத்தால் சைக்கிளில் ஏறுவதற்கு முன் பயணம் வந்துவிடும். அவர்களுக்கு இந்தக் கடையை நான் சொல்லமாட்டேன்.

மற்றது, பெயின்ற். இது எனக்கு நிறைய மனவருத்தம் தந்த விஷயம். பின் மட்காட்டில் அம்மாவின் பெயரின் முதல் இரண்டு எழுத்தை வெள்ளைப் பெயின்றில் யாரோ ஒரு போர்ட் எழுதுகிறவர் அந்தக் காலத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். பெயின்ற் ஒன்றும் அடிக்க வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். எடுக்கப் போன அன்று மட்காட் இரண்டும் கறுப்பில் பளபளக்கின்றன, எழுத்தைக் காணவில்லை. பொடியன் ஆசையாக அடித்திருக்கிறான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைக்காரர் மருமகனை ஒரு பார்வை பார்த்தார், ஏசவில்லை. சைக்கிளைத் திரும்ப இறக்கி, பஞ்சில் மண்ணெண்ணெய் தொட்டு, புதுப் பெயின்றை மெல்ல மெல்லத் துடைத்து எடுத்தார். அது இன்னும் முழுதாகக் காயாததால் கழன்றது. முதல் எழுத்து முழுதாகவும் இரண்டாம் எழுத்து பாதியும் மீண்டும் தெரிந்தன. மீதிப் பாதியை எழுதித் தரவா என்று கேட்டார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். மட்காட்டுக்கு அவர் காசு எடுக்கவில்லை.

மொத்தம் 14,540 ரூபாய். பில் கிடையாது. சிகரெட் பெட்டி அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய கணக்குத்தான். இரண்டு டயர் 3,800, டியூப் இரண்டும் 1,300, சீற் 1,800, செயினும் பிறீவீலும் சேர்த்து 2,000, மற்றதெல்லாம் சில்லறைச் சாமான். கூலி 3,500. பதின்மூன்று நாள் தொட்டுத் தொட்டுச் செய்த வேலைக்கு இந்தக் கூலி மிகவும் குறைவு. கூடத் தரப் பார்த்தேன், "மிஸிட சைக்கிளுக்கு இவ்வளவு எடுத்ததே கூட" என்று கையை மடக்கிவிட்டார். அதற்குப் பதிலாக, ஆவணியில் வருகிற என் மச்சாளிடம் சொல்லி இங்கிலாந்திலிருந்து கம்பி பிறேக் கட்டை நாலு சோடி கொண்டுவரச் செய்தேன். அங்கே இன்னும் விற்கிறார்கள். அதை வாங்கும்போதுதான் அவருடைய முகத்தில் உண்மையான சந்தோசத்தைப் பார்த்தேன். இந்தப் பக்கத்தில் பழைய சைக்கிள் வைத்திருக்கிற இன்னும் மூன்று பேருக்கு உதவுமாம். சைக்கிள் வேலை செய்கிறவருக்கு வெளிநாட்டிலிருந்து சொக்லேற் கொண்டுபோவதை விட இது நல்லது.

இனி, சைக்கிள் எப்படி ஓடுகிறது? பாரம்தான். பாலம் ஏறும்போது எழும்பி நின்று மிதிக்க வேண்டும். சமதரையில் ஒரு மிதிக்கு அது தன்பாட்டில் போகிற தூரம் எனக்கே ஆச்சரியம். சத்தம் இல்லை. முதல் கிழமை பின் பிறேக் மட்டும் கிறீச்சிட்டது, கொண்டுபோனதும் கட்டையை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துச் சரிப்படுத்திவிட்டார். ஒரு தரம் காத்தான்குடியில், நடு வீதியில் பேரீச்ச மரம் நிற்கிற அந்த இடத்தில் ஆணி குத்தியது. பக்கத்துக் கடைக் காக்கா ஒருவர் ஒட்டுப் போட்டுத் தந்தார். ஆனால் மாலையில் நம்மவர் அதைக் கழற்றிப் பார்த்து, ஒட்டின் விளிம்பைத் திரும்பத் தேய்த்து ஒட்டின பிறகுதான் விட்டார்.

தூரப் பயணத்துக்கு அவர் சொன்ன புத்தி ஒன்று உண்டு: "கச்சான் காலம் புள்ள. படுவான்கரைக்குப் போறெண்டா விடிய முந்திப் போ. மத்தியானம் திரும்பினா காத்து முதுகில தள்ளிவிடும்." கச்சான் என்றால் மேற்கிலிருந்து வீசும் காற்று. அப்படியே செய்தேன். விடிகாலை ஐந்தரைக்குக் கல்லடியில் ஏறி, ஆரையம்பதி கடந்து, மண்முனைப் பாலத்தால் போய், கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவு, முனைக்காடு என்று அம்மாவின் பழைய பிரிவு முழுக்க ஆறு தடவைக்கு மேல் போய்விட்டேன்.

நான் வானில் போயிருந்தால் என்னை ஒருவருக்கும் தெரிந்திராது. இந்தச் சைக்கிளைத் தெரிந்தவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். மகிழடித்தீவில் நெல்லுக் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெத்தா கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு வீதிக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் மணியைத் தடவினார். "மிஸி வந்திட்டாவா?" மகள் என்றதும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அவருடைய மூத்த மகன் பிறந்த இரவு மழையில் அம்மா வந்து நின்றதை, அன்று என்ன சீலை கட்டியிருந்தார் என்பது வரைக்கும் சொன்னார். அம்மா வீட்டில் இதெல்லாம் கதைத்ததே இல்லை. மத்தியானம் சோறு, சுங்கான் மீன் குழம்பு. போகும்போது எருமைத் தயிர் இரண்டு முட்டி. சைக்கிள் கடைக்காரர் பழைய டியூபை வாராக வெட்டிக் கரியருக்குக் கட்டித் தந்திருந்தார். அந்த வாரால் இறுக்கிக்கொண்டு வந்தேன், பதினைந்து கிலோமீற்றருக்கும் மேல், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மணி மட்டும் பழைய மணிதான். புதிது போட வேண்டாம் என்று அவரே உள்ளே கழற்றி எண்ணெய் விட்டு வைத்திருந்தார். அதற்கு அன்று நன்றி சொல்லிக்கொண்டேன்.

ஒன்றைக் கவனித்தேன். சைக்கிளில் வந்த பிறகு "எப்ப போறீங்க" என்று என்னை ஒருவர்கூடக் கேட்கவில்லை. கடப்படியில் நின்று "என்னகா, எங்க போறாய்?" என்கிறார்கள். காலை ஊன்றி நின்று இரண்டு கதை கதைக்கிறேன். அப்படித்தான் வின்சன்ட் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த நாலு பேரைக் கண்டுபிடித்தேன். ஒருத்தி எங்கள் வீட்டிலிருந்து மூன்று ஒழுங்கை தள்ளித்தான் இருக்கிறாள். வானில் அந்த வழியால் இரண்டு தரம் போயிருக்கிறேன். அவளும் சைக்கிள் வைத்திருக்கிறாள். ஆடிப் பௌர்ணமியில் நாங்கள் இரண்டு பேரும் வாவி மீன் பாடுவதைக் கேட்கப் பாலத்தடிக்குப் போய், ஒரு தோணிக்காரரிடம் துடுப்புக் கேட்டு, ஒரு முனையை வாவிக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்தோம். சின்ன வயதில் அப்பாவோடு கேட்டது. தந்தி ஒன்றை மெல்லச் சுண்டிச் சுண்டி விடுவது போல, அடியிலிருந்து வந்தது. அவள் "கேட்குதாடி, கேட்குதாடி" என்றபடியே இருந்தாள், நான் காதை எடுக்கவே இல்லை.

சின்ன மாமி வீட்டுக்கும் போனேன். பிட்டு அவித்து, சம்பல் இடித்து, இறால் குழம்பு வைத்துச் சாப்பிட்டு முடிய மாலை நாலு மணி. பாத்திரமும் நான்தான் கழுவினேன்.

நீண்ட லீவில் மட்டக்களப்புக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். வீட்டுக் கொட்டிலில் பழைய சைக்கிள் கிடந்தால் வந்த முதல் நாளே இந்தக் கடைக்குக் கொண்டுபோய்விடுங்கள். என்ன செய்யக்கூடாது என்பதை அவருக்கும், மருமகனுக்கும், இருவருக்கும் சொல்லுங்கள். கோவில் சடங்கு நாட்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். போன் எடுக்கவேண்டாம், நேரே போங்கள், காலை எட்டு மணிக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைதான். புதுச் சைக்கிள் வாடகைக்கு வேண்டுமானால் அவரிடம் கிடையாது. கியர் சைக்கிள் வேலைக்கும் அவரிடம் போக வேண்டாம், தனக்கு அது சரிவராது என்று அவரே சொல்லுகிறார். முன்றிம் இன்னும் இரண்டு வருடம் தாங்கும், அதற்கு மேல் உறுதி சொல்லமாட்டேன் என்று என்னிடமும் முகத்துக்கு நேரே சொன்னார்.

சைக்கிளை முதல் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அம்மா விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். ஒரு கண்ணில்தான் பார்வை தெளிவு. படலையில் மணியடித்தேன். தலையைத் திருப்பாமலே "கொண்டு வா" என்றார். பக்கத்தில் நிறுத்தினேன். ஹேண்டிலிலிருந்து தொடங்கி, முன்னால் நாரைத்தலை பொறித்த பித்தளை முத்திரை, சீற், கரியர் என்று கையால் தடவிக்கொண்டே வந்து மட்காட்டில் நிறுத்தினார். மிச்சமிருந்த ஒன்றரை எழுத்தின் மேல் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பெயின்ற் கதையைச் சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு என்னை ஏறி இருக்கச் சொன்னார், என் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார்.

"சீற்றை ஒரு விரலக்கட்டை இறக்கு" என்றார். "மறுகா முழங்கால் நோகும்."

இறக்கிக்கொண்டுதான் ஓடுகிறேன். நான் போன பிறகு பக்கத்து வீட்டில் நேர்சிங் படிக்கிற பிள்ளை எடுத்து ஓடுவாள், மாதத்தில் ஒரு நாள் வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவளிடமும் கடைக்காரரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த வைகாசிக்கு டிக்கற் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.